பொற்கொடி போட்ட முடிச்சு

பாரம் கட்டி முடித்ததும் என் தங்கை பொற்கொடி கயிற்றை ஒரு விரலால் சுண்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். சத்தம் பிடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்டுவாள். "இது தொளதொளங்குதுக்கா, கருமத்தம்பட்டி தாண்டாது" என்பாள். சோமனூரில் சொந்தமாக ஒரு சின்ன யானை சரக்கு வண்டி வைத்து, தறிக் கூடங்களிலிருந்து துணிக் கட்டுகளைத் திருப்பூருக்கு ஓட்டுகிறாள். வழியில் ஒரு கட்டுகூட விழுந்ததில்லை. கேட்காதவர்களிடமும் இதை நான் சொல்வேன்.

அவள் போடுவது லாரிக்காரர்கள் எல்லோரும் போடும் முடிச்சுதான். கயிற்றின் நடுவில் வளையமாக ஒரு கண் மடிப்பாள். நுனியை வண்டிக் கொக்கியில் மாட்டி, திரும்ப அந்தக் கண்ணுக்குள் விட்டு இறுக்குவாள். கடைசியில் நுனியை முழுக்க உருவாமல் மடித்துச் செருகுவாள். அவிழ்க்க ஒரே இழுப்பு போதும். ஆனால் பொற்கொடி இடக்கைக்காரி; எல்லாம் எதிர்ப்பக்கமாக இருக்கும். திருப்பூரில் சுமை இறக்குகிறவர்கள் தப்பான இழையைப் பிடித்து இழுக்க, முடிச்சு இன்னும் இறுகும். "டீ குடிச்சுப்போட்டு வாரேனுங்க, அவசரமில்லாம அவுருங்க" என்று சொல்லிவிட்டு இவள் போய்விடுவாள்.

வீட்டிலும் கை சும்மா இராது. என் வீட்டுக்காரர் மத்தியானம் தூங்கி எழுந்தால் வேட்டி நுனி கட்டில் காலில் கட்டியிருக்கும். "மாமா உருண்டு உழுந்துறக் கூடாதில்லீங்க" என்பாள்.

போன ஆவணியில் என் மகள் மோகனப்பிரியாவின் கல்யாணச் சீரைச் சூலூருக்குப் பொற்கொடியின் வண்டியில்தான் ஏற்றினோம். படுக்கவைத்த பீரோ, அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை. சீருக்கென்று வாங்கிய புது நூல் கயிறு. "மாப்பிள்ளையூட்டுக்காரங்க நம்மளக் கேட்டுத்தான் எறக்கோணும்" என்று ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சுற்று அதிகம் போட்டாள்.

சூலூர் போய்ச் சேருமுன் தூறல். மெத்தை உறை லேசாக ஈரமானதோடு சரி. ஆனால் நூல் கயிறு நனைந்து சுருங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டு வாசலில் பொற்கொடி முதல் முடிச்சை இழுத்தாள். வரவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி இழுத்தாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொட்டினால் இலவம்பஞ்சு கட்டி கட்டியாகிவிடும்.

மாப்பிள்ளையின் அத்தை வள்ளியாத்தாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த பேச்சு. "ஏங்கண்ணு, கட்டத் தெரிஞ்ச கைக்கு அவுக்கத் தெரியாதாக்கும்? அந்தக் கொடுவாளை எடுத்தாங்கடா."

சீர் கட்டி வந்த கயிற்றை அறுத்து இறக்குவது எங்கள் பக்கம் ஆகாது. அறுத்தால் என் மகள் ஆயுசுக்கும் அந்தக் குத்தலைக் கேட்க வேண்டும்.

"ஏனுங்க சம்பந்தியம்மா," என்றாள் பொற்கொடி, "சீர் மெத்தைல மாப்பிள்ளையூட்டுப் பெரியவங்க மொதல்ல உக்காந்து பார்த்தாத்தானுங்க எறக்குவோம். எங்க வழக்கமுங்க."

"எங்க பக்கம் அப்படி ஒண்ணும் இல்லியே."

"உட்டுப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க."

அப்படி ஒரு வழக்கம் எங்கள் பக்கமும் கிடையாது. வள்ளியாத்தாள் சுற்றிலும் பார்த்தார். பெரியவர் என்ற பட்டத்தை வேறு யாரும் வாங்கிக்கொள்வதற்குள் ஸ்டூல் கேட்டார். நாலு பேர் தாங்க வண்டியேறி, குடையோடு மெத்தை நடுவில் உட்கார்ந்தார். பஞ்சு அமுங்கியது. அதுவரை விறைத்திருந்த கயிறுகள் தளர்ந்து தொங்கின.

"மெத்தை பரவால்ல," என்றார் அவர்.

பொற்கொடி முடிச்சை நெகிழ்த்தி, நுனியை அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே இழுங்க சம்பந்தியம்மா, உங்க கைராசி."

அவர் இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் கைதட்ட, வள்ளியாத்தாள் அடுத்த முடிச்சுக்குக் கை நீட்டினார். பொற்கொடியும் கைதட்டினாள். பிறகு, வராத முடிச்சை இழுத்ததில் நகம் பெயர்ந்து ரத்தம் கட்டியிருந்த இடது கட்டைவிரலை, யாரும் பார்க்குமுன் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.