துருவி வளர்த்த மரம்

வீட்டில் கடைக்குட்டிக்குத் துருவி என்று பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டாள். கேபிள் தொழிற்சாலையில் அவளுக்கு வாய்த்த வேலையும் அதற்கேற்றதுதான். செம்புக் கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை, ஓயாத மின்னழுத்தத்தில் எப்படி மூப்படையும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். உறையின் பலவீனமான புள்ளியிலிருந்து விரிசல் மரக்கிளைபோலப் படரும்; மறுபக்கத்தைத் தொட்டால் கேபிள் போச்சு.

புதிதாக வந்த உறையில் அந்த மரம் சீக்கிரமே வளரும் என்றது அவள் கணக்கு. ஆனால் சோதனைக்கூடத்தில் வைத்த துண்டுகள் அசைந்துகொடுக்கவில்லை; ஒன்றில்கூட விரிசல் விழவில்லை.

"என்னம்மா, உன் மரம் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் வளருமா?" என்று சிரித்தார் சோதனைக்கூடத்துக்காரர்.

மேலாளர் சிரிக்கவில்லை. "அடுத்த கூட்டத்துக்குள்ள ரெண்டும் ஒத்துப்போகணும். இல்லேன்னா கணக்கை மூட்டை கட்டிட்டு, நீ பேக்கிங் பக்கம் போயிடு."

வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அது என்ன பாவம் பண்ணுச்சு? சாப்பிடுடி" என்றாள் அக்கா.

"ரெண்டு வருஷ உழைப்பு, அக்கா. குப்பைக்குப் போகப்போகுது."

"போகும்போது பார்த்துக்கலாம். முதல்ல இது வயித்துக்குப் போகட்டும்."

மறுநாள் சோதனைத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தவள், சட்டென்று மூக்கருகே கொண்டுபோனாள். குப்பென்று மருந்து நெடி அடித்தது.

"அண்ணா, இது உறை வார்க்கிற அச்சுலேர்ந்து எப்ப வந்துச்சு?" என்று சோதனைக்கூடத்துக்காரரிடம் கேட்டாள்.

"சுடச்சுட வந்ததும்மா. அவசரம்னாங்க, அப்படியே சோதனைக்கு ஏத்திட்டோம்."

அவளுக்குப் பொறி தட்டியது. உறையை இறுக்கும்போது உண்டாகும் ஆவி இன்னும் உள்ளேயே இருந்து, விரிசலைத் தடுத்துக்கொண்டிருந்தது. பல காலம் மண்ணுக்குள் கிடக்கும் கேபிளில் அது ஏது? அவள் கணக்கிட்டது ஆவி போன உறையை.

"நெடி அடங்குற வரைக்கும் சூட்டடுப்புல வெச்சு எடுத்துட்டு, திரும்பச் சோதிக்கலாமா அண்ணா?"

"விடமாட்டியே நீ!" என்றபடி அவர் அடுப்பைத் திறந்தார்.

கூட்டத்தன்று காலை, உருப்பெருக்கியில் கண் வைத்திருந்த சோதனைக்கூடத்துக்காரர் திடீரென்று கத்தினார்: "எல்லாரும் இங்க வாங்கப்பா! மரம் வளர்ந்திருக்கு!"

மேலாளர் குனிந்து பார்த்தார். அவளது கணக்குப் படத்தை வாங்கி அருகில் வைத்து மறுபடி பார்த்தார். கிளை விரிந்த விதமும் பரவிய வேகமும் ஒத்துப்போயின.

"இந்த உறை வேண்டாம்" என்றார். "இனிமே எது வந்தாலும் முதல்ல இந்தப் பொண்ணு கணக்கு. அப்புறம்தான் அச்சு."

துருவி வராந்தாவுக்கு ஓடி அக்காவை போனில் அழைத்தாள். "அக்கா, என் கணக்கு ஜெயிச்சிடுச்சு! நான் எங்கயும் போகலை!"

தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு, அக்கா வாசலுக்கு வந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்: "எங்க துருவி ஜெயிச்சிட்டா!"