பிரேக் சாரின் வலது கால்

எங்கள் மேல்வீட்டுக்காரரைக் கட்டிடத்தில் எல்லோரும் பிரேக் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. பயிற்சிக் காரில் வாத்தியார் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் விளக்குக் கம்பத்தோடு உறவு கொண்டாடப் போனால் இவர் அதை மிதிப்பார். இருபத்திரண்டு வருடமாக மிதித்து மிதித்து, காரை விட்டு இறங்கிய பிறகும் அந்த வலது கால் வேலையை விடவில்லை. டிவியில் யாராவது வேகமாக ஓடினால் மிதிக்கும். சலூன்காரர் கத்தியைக் காதருகே கொண்டுவந்தால் மிதிக்கும். மனைவி கொதிக்கும் பாத்திரத்தோடு குறுக்கே வந்தாலும் மிதிக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய தரைதான் எனக்குக் கூரை. நான் வீட்டிலிருந்தபடி தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை பார்க்கிறேன். வாஷிங் மெஷின் நடந்து போகிறது, மிக்ஸி புகைகிறது என்று வாரத்தில் ஆறு நாள் ஊரே என்னிடம் கத்தும். ஞாயிறு ஒரு நாள்தான் என் காதுக்கு விடுமுறை. அந்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால், நேர் மேலே 'தொம்' என்று விழும். கொஞ்சம் அமைதி. மறுபடி 'தொம்'. கடைசியில் ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தமும், ஒருவன் வயிறு குலுங்கச் சிரிக்கும் சத்தமும் கேட்கும்.

சிரிப்பவன் பிரேக் சாரின் மச்சினன், அதாவது அவர் மனைவியின் தம்பி. மெத்தைக் கடையில் விற்பனையாளன். "நாலு நாள் தங்கிட்டுப் போறேன்க்கா" என்று ஒரு பையோடு வந்தவன். வந்து நான்கு வருடம் ஆகிறது. நடுவில் கடையில் வாங்க ஆளில்லாமல் கிடந்த மிகப் பெரிய மெத்தை ஒன்றையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். அறை பூராவும் மெத்தைதான். கதவு பாதிக்கு மேல் திறக்காது.

அந்த வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்று சாருக்கும் அவன் அக்காவுக்கும். இன்னொன்று மெத்தைக்கும் மச்சினனுக்கும். சாரின் பதினாலு வயது மகள் ஹாலில் படுப்பாள், துணி இஸ்திரி போடும் மேசையில் வைத்துப் படிப்பாள், உடை மாற்றக் குளியலறைக்கு ஓடுவாள். ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, "அத்தை, உங்க ரூம்ல பத்து நிமிஷம் கதவைச் சாத்திக்கட்டுமா?" என்றாள்.

"என்னடி பண்ணப் போற?"

"ஒண்ணும் இல்ல. சும்மா சாத்திக்கணும்."

என் அறையைக் காட்டினேன். மேலே போய் அந்த மெத்தையையும் அதன் மேல் கிடப்பவனையும் சேர்த்துச் சுருட்டி ஜன்னல் வழியாகப் போட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் சொந்த அக்காவாலேயே வாய் திறக்க முடியவில்லை. "கூடப் பிறந்தவனை எந்த வாயால போன்னு சொல்றது?" என்று என்னிடம் வந்து மூக்கைச் சிந்துவார். பிரேக் சாரோ, பயிற்சிப் பள்ளியின் பெயர்ப்பலகை மீதே காரை ஏற்றியவரிடம்கூட "பரவால்ல, நல்லா நேரா போனீங்க" என்று சொன்ன மனிதர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு தைரியத்தைத் திரட்டித் தொண்டையைச் செருமியிருக்கிறார். செஸ் காய்களை அடுக்கிக்கொண்டிருந்த மச்சினன் அவரைப் பேச விடவில்லை.

"புரியுது மாமா. என்னை ஒரே ஒரு ஆட்டம் ஜெயிங்க. அன்னைக்கே அந்த அறையைக் காலி பண்ணித் தர்றேன்."

அப்போது சாருக்குக் குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது. இருந்தும் ஒப்புக்கொண்டார். வாயால் கேட்பதைவிட அது சுலபமாகத் தெரிந்திருக்கிறது, பாவம்.

கற்றுக்கொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் ஒரு புத்தகம் வாங்கி, ஆட்டத் தொடக்கத்தில் வைக்கவேண்டிய பதினோரு நகர்த்தல்களை மனப்பாடம் செய்தார். படிக்கட்டில் ஏறும்போது முணுமுணுத்துக்கொண்டே போவார். மச்சினன் இரண்டாவது நகர்த்தலிலேயே புத்தகத்தில் இல்லாத சிப்பாயை நகர்த்திவிட்டான். "டேய், இப்படி வைக்கக் கூடாதுடா" என்றாராம் சார். அதற்கும் ஒரு சிரிப்பு. அடுத்து ராணியை முன்னால் அனுப்பி மிரட்டப் பார்த்தார். ராணி தனியாக ஊர் சுற்றிவிட்டு ஆறு நகர்த்தலில் செத்துப்போனது. பிறகு ஒன்றுமே இழக்கக் கூடாதென்று எல்லாக் காய்களையும் ராஜாவைச் சுற்றி நெருக்கி வைத்தார். ராஜா மூச்சு முட்டிச் சொந்தக் கூட்டத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்.

மூன்று வருடம், நூற்றைம்பது ஞாயிறு. நானும் எத்தனை நாள் பொறுப்பது? ஒரு ஞாயிறு தூக்கம் கலைந்த கோபத்தில், ஊர்ப் புகாரையெல்லாம் கேட்கிற நான் என் புகாரைச் சொல்ல மேலே போனேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அக்கா என்னை உட்காரச் சொன்னார். அப்போதுதான் அந்த அதிசயத்தைக் கண்டேன்.

மச்சினன் பலகையைப் பார்க்கவே இல்லை. அவன் முறை வந்ததும் கையை நீட்டி, எந்தக் காயையும் தொடாமல், ஒவ்வொன்றின் மேலாகவும் மெதுவாகக் கொண்டுபோனான். தொடமாட்டான், ஏனென்றால் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது அவனே போட்ட சட்டம். சிப்பாய் மேல் கை போனது, ஒன்றும் இல்லை. குதிரை மேல் போனது, ஒன்றும் இல்லை. யானை மேல் போனது. மேசைக்கு அடியில் 'தொம்'. உடனே யானையை எடுத்து சாரின் ராணியை வெட்டினான்.

எனக்கு வந்த கோபத்தில் புகாரையே மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் படிக்கட்டில் சாரைப் பிடித்தேன்.

"அண்ணா, உங்க கால்தான் உங்களைக் காட்டிக் குடுக்குது. ஆபத்து எங்கேன்னு நீங்களே மிதிச்சு மிதிச்சு அவனுக்குச் சொல்றீங்க."

அவர் தன் வலது காலை ஏதோ வேற்றாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவருக்கு மச்சினன் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவரோ கண்ணை அகல விரித்து, "அப்ப அவனுக்கும் ஆடத் தெரியாதா தங்கச்சி?" என்றார்.

அடுத்த ஞாயிறு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆடினார். கால் மிதிக்கவில்லை. மூளையும் ஓடவில்லை. ஒன்பது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. அதற்கடுத்த வாரம் காலுக்கடியில் தலையணை வைத்தார். மச்சினன் குனிந்து பார்த்து, அது மட்டமான பஞ்சு என்றும், அவன் கடையில் இதைவிட நல்ல சரக்கு இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு ஜெயித்தான்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் சார் மூச்சிரைக்க என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் பயிற்சிப் பள்ளியின் பிழைத் தாள் கட்டு. கற்றுக்கொள்கிறவர்கள் செய்யும் தப்புகளை டிக் போடும் தாள் அது. தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனக்குத் தானே ஒரு தாள் நிரப்பி வைத்திருந்தார் மனிதர். வேகம், அவசரம், தவறான இடத்தில் நிறுத்துதல் எல்லாம் இருந்தது.

"இன்னைக்கு ஒரு அம்மா கண்ணாடியைப் பார்க்காம வண்டியை எடுத்துட்டாங்க. பிரேக்கை மிதிச்சுட்டு வழக்கமா சொல்றதைச் சொன்னேன். 'எடுக்குறதுக்கு முன்னாடி யார் வர்றாங்கன்னு பாருங்கம்மா, எடுத்த அப்புறம் பார்த்து என்ன பிரயோஜனம்?' சொன்னதும் எனக்கே தூக்கி வாரிப் போட்டுச்சு. நான் காயை வெச்சுட்டுத்தானே தங்கச்சி பார்க்கிறேன்!"

எல்லாத் தாள்களையும் என் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் ஒரே வரியில் டிக் இருந்தது: 'கிளம்பும் முன் கண்ணாடி பார்க்கவில்லை.' இவர் கையாலேயே போட்ட டிக்.

அன்றிலிருந்து புத்தகத்தை மூடிவிட்டார். அவன் எதற்காக அதை அங்கே வைத்தான், நான் இதை இங்கே வைத்தால் அவன் என்ன செய்வான். இந்த இரண்டு கேள்வியையும் கேட்காமல் காயைத் தொடுவதில்லை. கேட்பதற்கு அடையாளமாக ஒவ்வொரு முறையும் தலையை இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என்று மூன்று கண்ணாடியையும் பார்ப்பதுபோலத் திருப்புவார். பார்க்கக் கண்றாவியாக இருக்கும். ஆனால் வைத்த பிறகு பயப்பட ஒன்றும் மிச்சமில்லாததால் கால் அடங்க ஆரம்பித்தது. நான் கீழே படுத்தபடி எண்ணினேன். பதினாலு தொம், ஒன்பதானது. ஒன்பது ஐந்தானது. இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருந்தார், ஆனால் சிரிப்புச் சத்தம் வரச் சாயங்காலம் ஆயிற்று.

ஒரு ஞாயிறு மேலே ஒரு சத்தமும் இல்லை. இரண்டு மணி நேரம் புரண்டு புரண்டு படுத்தேன். அமைதியில் தூக்கம் வரவில்லை. எழுந்து மேலே போனேன்.

மச்சினன் வியர்த்துப்போயிருந்தான். கை காய்களின் மேல் சுற்றிச் சுற்றி வந்தது. மேசைக்கு அடியில் ஒரு பதிலும் இல்லை. பலகையில் காய்களும் அதிகம் இல்லை. அவன் ராஜா மூலையில், முன்னால் அசையாத மூன்று சிப்பாய்கள். அந்தக் கடைசி வரிசையைக் காக்க அவனிடம் ராணி மட்டும்தான் இருந்தது. எதிரே வழி திறந்து கிடந்தது, அந்தக் கோடியில் சாரின் யானை. மகள் இஸ்திரி மேசையில் கணக்கு நோட்டைத் தலைகீழாக வைத்துக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சினனின் கை ராணியின் மேல் வந்தது. கொஞ்சம் தள்ளிச் சும்மா நின்ற சாரின் சிப்பாய் ஒன்றின் மேல் அவன் கண் போனது.

'தொம்!'

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மச்சினன் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நேரம் காத்திருந்த சத்தமாயிற்றே. கபக்கென்று ராணியைப் பிடித்தான்.

"தம்பி, கண்ணாடியைப் பாரு" என்றார் சார். நிஜமாகவே பதறிப்போயிருந்தார்.

"எனக்கே பாடமா மாமா?" என்று சொல்லிக்கொண்டே ராணியால் சிப்பாயை வெட்டினான்.

சார் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மேலே பார்த்தார். யானையைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோனார். ராஜாவுக்கு நகர இடமில்லை. எல்லாருக்கும் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. எனக்கு இரண்டு நிமிடம்.

"அப்ப ஏன் மிதிச்சீங்க?" என்று கத்தினான் மச்சினன்.

"நீ தப்பாப் போறேன்னு மிதிச்சேன்டா" என்றார் சார். "வேற எதுக்கு நான் மிதிக்கிறது?"

மச்சினன் ராணியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய் அறைக்கதவைத் திறந்தான், பாதி வரைக்கும். மெத்தையை வெளியே கொண்டுவர நாலு பேர் தேவைப்பட்டோம். கதவில் சிக்கி, அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தொங்கி, ஒருவழியாக ஹாலில் வந்து விழுந்தது. ஹால் நிரம்பிவிட்டது. அதன் மேல் மச்சினன் கால் நீட்டி உட்கார்ந்தான்.

"எப்ப கிளம்புற?" என்று கேட்டேன். எனக்கென்ன, நான் அக்கா இல்லையே.

"அறையைக் காலி பண்றேன்னுதானே சொன்னேன்? பண்ணியாச்சு. மாமா, வாங்க, இன்னொரு ஆட்டம்."

"முதல்ல சிப்பாய் எப்படிப் போகும்னு சொல்லித் தர்றேன், கேளு" என்று சாரும் அவன் எதிரே மெத்தையில் உட்கார்ந்துவிட்டார். இவர்களைத் திருத்த முடியாது என்று நான் இறங்கி வந்தேன்.

கட்டிலில் படுத்தேன். மேலே மெத்தையில் கால் மிதிக்கும் சத்தம் 'பொத்' என்றுதான் கேட்டது, தூங்கலாம் போலிருந்தது. அப்போது மேல்வீட்டின் மறு கோடியில், இதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தம். ஒரு கதவு முழுசாகத் திறந்து, முழுசாகச் சாத்தி, உள்ளே தாழ் விழுந்தது. உடனே தாழ் திறந்தது. மறுபடி சாத்தி மறுபடி தாழ். நான் எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன். ஏழு தடவை. எட்டாவது தடவை தாழ் விழுந்த பிறகு, வெகு நேரம் அவள் கதவைத் திறக்கவே இல்லை.