மிளகு பன் அடுப்பைக் கட்டியவன்

எண்ணூர் நெடுஞ்சாலையில் இன்றைக்கும் துருப்பிடிக்காமல் நிற்கிற இரும்புக் கதவுகளில் பாதி என் கைப்பட்டவை. காசிமேட்டில் மீன்கூடை ஏற்றுகிற மூன்று சக்கர வண்டிக்கு அச்சு முறிந்தால் என் வெல்டிங் பட்டறைக்குத்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். திருவொற்றியூரில் மாடி வைத்து வீடு கட்டினேன். அதற்கு வளைத்து வளைத்து ஏறுகிற படிக்கட்டை நானே பற்றவைத்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது என்னைத் தரையில் உட்கார வைத்துச் சோறு போட்ட முதலாளியின் பட்டறையையே பிறகு நான் வாங்கினேன். படிப்பு மூன்றாங்கிளாஸ். அளவு டேப்பில் இருக்கிற கோடுகளைப் பட்டறையில்தான் படித்தேன்.

இத்தனைக்கும் பிறகு ஓர் அடுப்பு கட்டினேன். அதைத் தான் கட்டியதாக வண்ணாரப்பேட்டையில் ஒருத்தன் போர்டு வைத்திருக்கிறான். அவன் யாரோ எவனோ இல்லை, என் தங்கச்சி புருஷன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மறந்துவிடுவேன் என்று நினைத்திருந்தால் அவன் என்னைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் புது மெஷின் பூட்டுவதற்குத் தைவானிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்திருந்தார். மெஷினைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பி போடுகிற வேலை எனக்கு. மத்தியானம் நாங்கள் எல்லாரும் டிபன்பாக்ஸைத் திறந்தால் அவர் மட்டும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். ஊர் ஞாபகம் என்று முகத்திலேயே தெரியும். ஒருநாள் என் சாக்பீஸை வாங்கி, இரும்புத் தகட்டின் மேல் ஒரு பீப்பாய் வரைந்தார். பீப்பாயின் உட்சுவரில் உருண்டை உருண்டையாக ஒட்டினார். அடியில் நெருப்பு. தந்தூரி அடுப்பு என்று எனக்குப் புரிந்துவிட்டது. உருண்டைதான் புரியவில்லை.

அவர் பேசினால் அவருடைய போன் தமிழில் சொல்லும், வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி. அவருடைய முன்னோர் சீனக் கரையில் ஃபூஜோ என்கிற ஊரிலிருந்து படகேறித் தைவானுக்குப் பிழைக்க வந்தவர்களாம். கையில் ஒன்றும் இல்லாமல் வந்தார்களாம். அந்த உருண்டைக்குப் பேர் மிளகு பன்னாம், அதைச் செய்கிற வித்தை மட்டும் கூட வந்ததாம். கோயில் வாசலிலும் சந்தைச் சந்துகளிலும் மண் அடுப்பை வைத்து விற்று, பிள்ளைகுட்டிகளை ஆளாக்கினார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு அந்தப் பன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. நம்ம மாதிரி ஆளுங்க சாப்பாடு என்று நினைத்தேன். கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எண்ணெய் டிரம் ஒன்றை வாய் அறுத்தேன். புழல் ஏரிக்கரை மண்ணில் தேங்காய் நாரைப் பிய்த்துப் போட்டு மிதித்து, உள்ளே கனமாகப் பூசினேன். நிழலில் காயவிட்டேன். அவசரப்பட்டுப் பெரிய நெருப்பாகப் போட்டதில் முதல் சுவர் வெடித்துப் போயிற்று. உடைத்துப்போட்டு மறுபடி பூசினேன். இந்தத் தடவை சுவர் நின்றது, ஆனால் மாவு நிற்கவில்லை. ஒட்டினால் நழுவி நெருப்பில் விழுந்தது. வண்ணாரப்பேட்டையில் ரொட்டி சுடுகிற பாய் ஒருவர் என் பழைய தோஸ்து. அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் விரலால் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வெல்லம், கீரைச் சாறு, உப்பு, எண்ணெய் எல்லாம் கலந்து உள்சுவரெல்லாம் பூசி, சின்ன நெருப்பில் காயவைத்து, திரும்பப் பூசி, சுவர் கறுத்துப் பளபளக்கிற வரைக்கும் விடவில்லை. அந்தக் கறுப்புதான் அடுப்புக்கு உயிர், அதன் மேல் கை வைக்காதே என்றார்.

பன்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவன் கேட்டுக்கொள்ளட்டும். மைதாவைத் தண்ணீரில் பிசைந்தது ஒன்று, எண்ணெயில் பிசைந்தது ஒன்று. ஒன்றை ஒன்றுக்குள் வைத்துத் தேய்த்து, சுருட்டி, மறுபடி தேய்த்தால் ஏடு ஏடாக வரும். உள்ளே அவர்கள் பன்றிக்கறி வைப்பார்கள். நான் புளியந்தோப்பிலிருந்து மாட்டுக்கறி வாங்கினேன், கொழுப்போடு சேர்த்து. பொடியாக நறுக்கி, மிளகை ஒன்றிரண்டாக இடித்து, மூக்கு எரிகிற அளவுக்குப் போட்டுப் பிசறினேன். அதன் மேல் வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி. அதை மட்டும் கறியோடு கலக்கக் கூடாது, தனியாகத்தான் அமுக்க வேண்டும். மூடி, தலையில் எள்ளை ஒற்றி, அடியில் தண்ணீர் தடவி, கையை அடுப்புக்குள் விட்டுச் சுவரில் அறைய வேண்டும். என் முன்னங்கையில் இருக்கிற தழும்புகளில் எது வெல்டிங், எது பன் என்று எனக்கே தெரியாது.

ஃபிட்டர் ஒன்று தின்றார். இன்னொன்றை எடுத்தார். பிறகு போன் சொன்னது, மிளகு எங்கள் ஊரைவிட அதிகம், இப்படியே இருக்கட்டும் என்று.

அவர் ஊருக்குப் போன பிறகு ராயபுரம் பாலத்தடியில் வண்டி போட்டேன். தங்கச்சி புருஷன் அப்போது வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான். தங்கச்சி முகத்துக்காக அவனைச் சேர்த்துக்கொண்டேன். சுடுவது நான், தாளில் மடித்துக் கொடுப்பது அவன். அவனுக்கு வாய் மட்டும் நல்ல வாய். தின்ன வந்தவர்கள் எல்லாரிடமும் தைவான்காரர் கதையையும் பாய் கதையையும் நான் சொல்லியிருக்கிறேன். யாரிடம் கற்றேனோ அவர்களை மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

பிறகு என் கண்ணில் புரை எடுத்தார்கள். நெருப்புப் பக்கம் போகாதே என்றார் டாக்டர். வண்டியைப் பார்த்துக்கொள் மாப்ள என்று நானே சொன்னேன். பாய் பூசிய கறுப்பில் சுவர் பழகியிருந்ததால் அவன் அறைந்தாலும் பன் ஒட்டியது. தன் கை என்று நினைத்துக்கொண்டான்.

கண் தெளிந்து போய்ப் பார்த்தால் பாலத்தடியில் வண்டியும் இல்லை, அடுப்பும் இல்லை. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ படிக்கட்டுக்குப் பக்கத்தில், ஜவுளிக்காரர் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு கடை பிடித்திருந்தான். விளக்குப் போட்ட போர்டு. வெள்ளைத் தொப்பி போட்டு அவன் படம். தைவானில் கற்றுவந்த மாஸ்டர் தானே வடிவமைத்த அடுப்பு என்று எழுதியிருந்தது. அவன் வடக்கே போன அதிகபட்ச தூரம் புழல். அதுவும் ஜெயிலில் இருந்த சித்தப்பனைப் பார்க்க.

தங்கச்சியிடம் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வுடு ணா. உனக்கு வூடு கீது, பட்டறை கீது. அதுக்கு இது ஒண்ணுதான் கீது."

எனக்கு வீடு இருக்கிறது என்பதற்காக என் கையை வெட்டி அவனுக்கு ஒட்டிவிட முடியுமா? எழுந்து வந்துவிட்டேன்.

கடை திறப்பதற்கு முந்தின நாள் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஜவுளிக்காரருக்கு எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். உள்ளே இவ்வளவு கலீஜா இருக்குதே, பூஜை போடப் போகிறோமே என்று சொல்லியிருப்பார் போல. என் டிரம்மைப் பிளாட்பாரத்தில் சாய்த்தார்கள். மாப்பிள்ளை சோப்புத் தூளைப் போட்டுக் கம்பி பிரஷ்ஷால் உள்சுவரைத் தேய்த்தான். என் பட்டறையில் எடுத்துப்போன பிரஷ். பாய் பூசிய கறுப்பு கரைந்து கரைந்து சாக்கடையில் போயிற்று. ஒரு குரல் கொடுத்திருந்தால் நிறுத்தியிருப்பான். நான் இன்னொரு டீ சொன்னேன்.

மறுநாள் சுவருக்கு மஞ்சள் குங்குமம், டிரம்முக்கு மாலை, சுற்றிலும் போன் தூக்கிப் படம் பிடிக்கிற கூட்டம். மாப்பிள்ளை தொப்பியைச் சரிசெய்துகொண்டு முதல் பன்னை அறைந்தான். பொத்தென்று நெருப்பில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்தது கொஞ்சநேரம் தொங்கி ஆசை காட்டிவிட்டு விழுந்தது. கொழுப்புக் கருகிப் புகை கடை முழுக்க. சுவரோடு நின்ற ஒன்றிரண்டை நெம்பி எடுத்தால் அடியெல்லாம் ஏரிமண். முன்னால் நின்ற ஒரு அம்மா பாதி கடித்துத் துப்பிவிட்டு, "மண்ணு துன்ற வயசுல எம்பேரன் கீறான், அவனுக்கு வாங்கினு போவட்டா?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இனிக்கிறது.

சாயங்காலம் பட்டறைக்கு வந்தான். தொப்பி இல்லை. கதவோரம் நின்றான்.

"இன்னா மச்சான், எதுத்தாப்ல குந்திகினு பாத்துகினு இருந்தியாமே. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"போர்டு எய்தும்போது என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா மாப்ள?"

தலையைச் சொறிந்தான். பின்வாசல் வழியாக வந்து, யாருக்கும் தெரியாமல் சுவரைப் பழக்கிக் கொடு என்றான். போர்டை மாற்று, முன்வாசல் வழியாக வருகிறேன் என்றேன். கூட்டுக்காரரிடம் பேசிவிட்டு வந்து, போர்டின் மூலையில் சின்ன எழுத்தில் நன்றி என்று போடுகிறோம் என்றான்.

"நன்றி போட நான் இன்னா மொய் வெச்சனா? அடுப்பு என்னுது."

அதோடு போய்விட்டான். இப்போது என் டிரம்மைக் கடை வாசலில் அழகுக்கு நிறுத்திவிட்டு, உள்ளே கேஸ் அடுப்புத் தட்டில் வைத்துச் சுடுகிறான். டீக்கடை பன்னுக்கும் அதற்கும் வித்தியாசம் மிளகு மட்டும்தான். நான் இன்னொரு டிரம் அறுத்து, பாயை அழைத்துச் சுவர் பழக்கி, அதே பாலத்தடியில் நிற்கிறேன். தின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் மெட்ரோவில் இறங்குகிற ஜனம் போர்டைத்தான் படிக்கிறது. அவன் படத்தைத்தான் பார்க்கிறது. தங்கச்சி வீட்டுக்கு இப்போதும் போகிறேன், சாப்பிடுகிறேன். அவன் எதிரில் உட்கார்ந்தால் அவனுக்குத்தான் சோறு இறங்குவதில்லை.

எனக்கு வேண்டியது இதுதான். வெள்ளைத் தொப்பிப் படம் இறங்க வேண்டும். இந்தப் பன் தைவான் ஃபிட்டர் ஒருவர் சொல்லி வந்தது, சுவரைப் பழக்கியது வண்ணாரப்பேட்டை ரொட்டிக்கார பாய், அடுப்பைக் கட்டி மாட்டுக்கறி வைத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்தது திருவொற்றியூர் வெல்டர் என்று எழுத வேண்டும். மூலையில் வேண்டாம், நடுவில். எல்லா எழுத்தும் ஒரே அளவு. என் பெயரை முழுசாக, அப்பன் இனிஷியலோடு போட வேண்டும். இடம் மிச்சமிருந்தால் கீழே அவன் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும், மடித்துக் கொடுத்தவன் என்று.