ரெண்டு மடங்கு குஞ்சு

தாம்பரத்தில் ஏறிய ரயிலில் மூச்சுவிடக்கூட இடமில்லை. என்னோடு நசுங்கி நின்ற இறால் பண்ணைக்காரர், கைப்பேசியை நெற்றியில் தட்டிக்கொண்டே வந்தார். குளத்தில் கரண்ட் போய், தண்ணீருக்குக் காற்று கொடுக்கும் சக்கரங்கள் நின்றுவிட்டனவாம். ஜெனரேட்டரும் மக்கர்.

“எவ்ளோ எறா குஞ்சு வுட்ட நைனா?” என்று கேட்டேன்.

“போன தபாவோட ரெண்டு மடங்கு ஆயா. லாபமும் ரெண்டு மடங்கு வரும்னு பாத்தேன்.”

“காத்தையும் ரெண்டு மடங்கு வுட்டியா?”

தட்டுவதை நிறுத்தினார். “சக்கரம் அதே நாலுதான். போன தபான்னா கொஞ்ச நேரம் தாங்கிக்கும். இப்ப அரை மணி நேரம்கூடத் தாங்காது.”

மறைமலை நகரில் ஃபேக்டரிக் கூட்டம் மொத்தமும் இறங்கியது.

“அப்பாடா, மூச்சு வந்துச்சு” என்றேன்.

காலியான பெட்டியையே பார்த்தார். “அதுங்க எங்க எறங்கும் ஆயா?”



மறுநாள் எங்கள் செம்பாக்கம் சந்தையில் பொடி இறால் மலிவாகக் கிடைத்தது. நான் வாங்கவில்லை.