லேத்துக்குப் போட்ட பட்டை

போன ஆயுத பூஜைக்கு மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை திருநீற்றைக் குழைத்து, துணி துவைக்கும் மெஷினுக்குப் பட்டை போட்டார். நான் ஒரு துணியை எடுத்துத் துடைக்கப் போய்விட்டேன். "ஒங்களுக்கு என்னதாம்பா ஆச்சு?" என்று மகள் கத்தினாள். என்ன ஆயிற்று என்று சொல்ல அறுபதுகளுக்குப் போக வேண்டும். உங்களுக்கு அவசர வேலை ஒன்றும் இல்லையே?

சிதம்பரத்தில் நானும் என் அக்கா புருஷனும் பட்டறை வைத்திருந்தோம். பட்டறை என்றால் ஒரு கொட்டகை, இரும்பு கடைய ஒரு லேத், அவ்வளவுதான். அந்த லேத்தை மாமா கடலூர் முதுநகரில் பழைய இரும்புக் கடை பாய் ஒருவரிடம் பிடித்தார். கப்பலில் வந்த சீமைச் சரக்காம். காடாம்புலியூர் பலாப்பழ லோடு ஏற்றிய லாரியில், பழங்களுக்கு நடுவே கிடத்திக் கொண்டுவந்தார். வெகுநாள் வரை மெஷின் சூடேறினால் பலாப்பழம்தான் மணக்கும். இப்போதும் பலாச்சுளையைப் பார்த்தால் எனக்கு இரும்பு ஞாபகம் வருகிறது, சாப்பிடத் தோன்றுவதில்லை.

சரக்கு சீமைதான். ஆனால் வயசானது. குமராட்சிக்காரர் ஒருவருடைய பம்புக்குச் சுழலும் தண்டு, அதுதான் ஷாஃப்ட், கடைந்து கொடுத்தோம். ஒரு முனை தடித்து, மறுமுனை மெலிந்திருந்தது. பேரிங் ஏறவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வராமல் அவருக்கு நாற்று பழுத்துக்கொண்டிருந்தது. ஷாஃப்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"செஞ்சி குடுப்பீங்களா, இல்ல நாத்த மாட்டுக்கு அறுத்துப் போட்ரட்டா?"

லேத்தில் கத்தி நகரும் இரும்புப் பாதைக்குப் பெட் என்று பெயர். அது ஒரே இடத்தில் தேய்ந்து போயிருந்தது. நேரான சட்டத்தில் நீல மை பூசிப் பெட்டின் மேல் தேய்த்தால் மேடான இடத்தில் மை ஒட்டும். அங்கே மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல். என் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "இன்னும் எத்தினி நாளு மச்சான் சொரண்டிக்கினு இருப்ப?" என்பார். ஒருவழியாகப் பெட் நேரானது. துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெயை வழிய வழியப் பூசிவிட்டு, புது பேரிங் வாங்கக் கடலூருக்கு பஸ் ஏறினேன்.

அன்றைக்குத்தான் ஆயுத பூஜை. சாயங்காலம் திரும்பினால் லேத்தைக் காணோம். பளபளவென்று வேறு ஏதோ நின்றது. சீயக்காய் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார் மாமா. நான் சுரண்டிய இடமாகப் பார்த்து ஒரு பெரிய ஈரப் பட்டை!

"எண்ணெய யார் கழுவச் சொன்னது?"

"எண்ணப் பிசுக்கோடவா சாமிக்கு வெப்பாங்க?"

துணியை எடுத்தேன். கற்பூரம் காட்டியாகிவிட்டது, மறுநாள் காலை பூஜை முடியும்வரை ஆயுதத்தைத் தொடக்கூடாது. மாமா கையை விரித்துக் குறுக்கே நின்றார். "தொட்டுப் பாரு, அப்பறம் நீ யாரோ நான் யாரோ." வெளியே தூறல், உள்ளே கடல்காற்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் பார்த்தால் மூன்று துருக்கோடுகள். மாமாவின் மோதிர விரல் நுனியை ஏற்கெனவே வேறொரு மெஷின் தின்றிருந்தது. அதனால் மூன்றாவது கோடு மட்டும் விட்டுவிட்டு இருந்தது. கன்னாபின்னாவென்று திட்டினேன். "சாமியே போட்டுக்கின மாதிரி இருக்குது பாரு" என்று சிரித்தார். இப்படிப்பட்ட மனிதரை என்னதான் செய்வது?

மறுபடி சுரண்டினேன். முழுக்க எடுத்தால் பள்ளம் விழும் என்பதால் கறையை அப்படியே விட்டேன். ஷாஃப்ட் அளவாக வந்தது, பேரிங்கும் ஏறியது. குமராட்சிக்காரர் கொண்டுபோய் மாட்டிய அன்றே பேய்மழை பிடித்துக்கொண்டது. அத்தனை பாடும் வீண் என்று தலையில் அடித்துக்கொண்டேன். பொங்கல் கழிந்து மனிதர் ஒரு மூட்டை நெல்லோடு வந்தார். "எறைக்கறதுக்குக் கேட்டேன், வெள்ளத்த வடிக்க ஒதவிச்சி" என்றார். மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எல்லாம் அவர் போட்ட பட்டையின் மகிமையாம்.

மாமா போய்விட்டார். கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை. லேத்தை எடைக்குப் போட்ட அன்று பெட்டைத் துடைத்துப் பார்த்தேன். கறை போகவில்லை, லாரியில் அப்படியே போயிற்று. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, திட்டத்தான் ஆளில்லை.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை, அவரைக் குறை சொல்லக்கூடாது. அவர் போட்ட பட்டையில் மூன்று கோடும் முழுசாக இருந்தன. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.