ஏட்டய்யா சைக்கிளும் எங்கள் மோட்டாரும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். படித்தது எட்டாவது. அதைவிட, இதில் என் குற்றம் ஒன்று இருக்கிறது. பேரன் பேத்தி எடுத்த பிறகு என்ன வெட்கம் என்று, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கழக ஆட்சி வந்த புதிது. எனக்கு எட்டு வயது. நன்னிலம் பக்கம் அப்பாவுக்குக் குத்தகை நிலம். கூலி உயர்வு கேட்டு ஊருக்கு ஊர் செங்கொடி ஏறியிருந்தது. எங்கள் ஊரில் ஏற்றியவர், எங்கள் வயலில் வேலை செய்த மாரிமுத்து. நிலக்காரருடைய ஏஜெண்டுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

ஆயுத பூஜைக்குப் பம்பு கொட்டகை மோட்டாரைத் துடைத்துப் பொட்டு வைப்பது என் வேலை. அதன் முகப்பில் ஒரு சின்னக் கைப்பிடி எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். சாமிக்கு முன்னால் கோணலாக நிற்கலாமா? திருகாணியைத் தளர்த்தி, அதை நேராக நிமிர்த்தி, நட்டநடுவில் சந்தனம் குங்குமம் வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அப்பா சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. வயலில் நட்ட பயிர் வாடிக்கொண்டிருந்தது. அந்த வழியாக வந்த ஏஜெண்ட் பார்த்துவிட்டு, போலீஸ் ஏட்டையே கூட்டிவந்துவிட்டார்.

"நேத்து மாவிலை கட்ட இங்க வந்தவன் இவன்தாங்க. மோட்டார் காயில் கம்பியை எரிச்சுட்டான். ஸ்டேஷனுக்குக் கொண்டு போங்க."

மாரிமுத்து வாசலில் கைகட்டி நின்றார். அப்போதுதான் அம்மா உள்ளே வந்தாள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையால் கைப்பிடியை அழுத்தித் துடைத்தாள். பிறகு, "ஏட்டய்யா, உங்க சைக்கிளை ஸ்டாண்டு போடுங்க" என்றாள்.

"பொம்பளைக்கு மோட்டார் வித்தை தெரியுமோ?" என்றார் ஏஜெண்ட்.

"மோட்டாரை மாட்ட வந்தவர் எங்க வீட்டுக்காரருக்கு விளக்கினாருங்க. இவங்க தலையை ஆட்டினாங்க. நான் கேட்டுக்கிட்டேன்."

அப்பா கூரையைப் பார்த்தார்.

"பின்சக்கரத்து விளிம்புல கைய வச்சு, அச்சைப் பாத்து நேராத் தள்ளுங்க." ஏட்டு தள்ளினார். சைக்கிள் நடுங்கியதே ஒழிய, சக்கரம் சுற்றவில்லை. "இப்போ சாய்ச்சுத் தள்ளுங்க." விர்ரென்று சுற்றியது.

"அவ்வளவுதாங்க. கரண்டு வெளிச்சுருளுக்கு மட்டுந்தான் வருது. உள்ளே சுத்துற உருளைக்கு வெளியிலேருந்து ஒரு கம்பியும் போகலை, பாருங்க. வெளியில உண்டாகுற காந்தமே உள்ளேயும் கரண்டை எழுப்பி, அதையும் காந்தமாக்கிடுது. வடக்குக்கு எதிரே வடக்கு வந்தா ஒண்ணையொண்ணு தள்ளுமில்ல? தள்ளு எந்தப் பக்கம் விழணும்னு சொல்றது உருளையை உரசிக்கிட்டு நிக்கிற இந்த ரெண்டு கரித்துண்டு. கைப்பிடியோட சேர்ந்து நகரும். நேரா நின்னா தள்ளு அச்சுல போய் முட்டும். உறுமும், சூடாகும், சுத்தாது. சாஞ்சாத்தான் சுத்தும்."

"அப்போ நிமித்தினது யாரு? இவன்தானே?" என்றார் ஏஜெண்ட்.

"யாருமில்லீங்க. திருகாணி தளர்ந்து கிடக்கு. அதிர்வுல தானா நகர்ந்திருக்கு."

கைப்பிடி என்றதும் நான் அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். தானாக நகர்ந்தது என்று அம்மாவே சொன்னதும், சரி, நான் நிமிர்த்தியது வேறு, இது வேறு போல என்று நிம்மதியானேன்.

அம்மா முதலில் மறுபக்கம் சாய்த்து சுவிட்சைப் போடச் சொன்னாள். பெல்ட் தலைகீழாக ஓடியது. ஏட்டு வாய்விட்டுச் சிரித்தார். அடுத்து, எப்போதும் சாய்ந்திருக்கும் பக்கம். தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் விழுந்தது.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்கு யாரும் எதையும் இவ்வளவு தெளிவாச் சொன்னதில்லைம்மா" என்று ஏட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஏஜெண்ட் பின்னாலேயே நடந்தார். மாரிமுத்து மண்வெட்டியோடு மடைக்குப் போனார்.

அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. என் அம்மா! ஒரே வருத்தம், நான் ஆசையாய் வைத்த சந்தனத்தைத் துடைத்துவிட்டாளே என்பதுதான். அந்தச் சந்தனத்தில் என் சின்ன விரல்கள் பதிந்திருந்தது எனக்குத் தோன்றவேயில்லை. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி என்னை வளர்த்தவள், அன்று சாயங்காலம் விளக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள். எதற்கென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அம்மன் அவள்மேல் இறங்கி மோட்டாரை ஓட்டியதாக ஊரில் ஒரு கதை உலவுகிறது. அம்மனை நாள்தோறும் கும்பிடுகிறவள்தான் நான். ஆனாலும் அன்று பேசியது என் அம்மா. இதை அடுத்தவருக்குச் சொல்கிறவர்கள் நடந்தபடியே சொல்லுங்கள். அந்த சைக்கிளையும் விட்டுவிடாதீர்கள். என் சந்தன விரலையும் விட்டுவிடாதீர்கள்.