நான் களவெடுத்த சட்டி

கியூபெக்கில், டவுன்டவுன் உணவகம் ஒன்றில் நான் சலாட் வெட்டிய காலம் அது. எனக்கு வலப்பக்கம் ஓர் இயக்கத்தின் முன்னாள் போராளி. இடப்பக்கம் அந்த இயக்கத்தோடு சுட்டுச் சண்டைபிடித்த மற்ற இயக்கத்துக்காரர். ஏழு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் இருவரும் கதைப்பதில்லை. நடுவில் நான்தான் தபால்காரி.

“அக்கா, அவரிட்டை உப்பைத் தரச் சொல்லுங்கோ,” என்பார் வலப்பக்கத்தார்.

“அக்கா, அவருக்குக் கை இருக்குதெல்லே, எடுக்கச் சொல்லுங்கோ.”

எங்கள் கியூபெக் முதலாளி இவர்களைக் கோபித்துக்கொண்ட அண்ணன் தம்பி என்றே நம்பினார். நானும் திருத்தவில்லை.

ஊரில் சமாதானம் குலைந்து, இரண்டு இயக்கத்தாரும் மாறி மாறிச் சுடத் தொடங்கினார்கள். ஒருநாள் ஊரிலிருந்த வலப்பக்கத்தாரின் தம்பியைக் கடை வாசலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். இடப்பக்கத்தார் தன் வீட்டுச் சட்டி நிறையக் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, சோற்றோடு என்னிடம் தந்தார்.

“செத்த வீட்டிலை அடுப்பு மூட்டமாட்டினம். நீங்கள் சமைச்சதெண்டு குடுங்கோ.”

பொய் சொல்ல எனக்கென்ன கூச்சம்? வில்லரே பகுதியிலிருந்த வலப்பக்கத்தாரின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அக்கா, உங்கடை கறி திண்டு வயித்துக்குத்து வந்த ஆள் நான். இது உங்கடை கையில்லை.”

எனக்கு வந்த கோபத்துக்குச் சட்டியைப் பறித்திருப்பேன். ஆனால் அவர் அழுதழுது வழித்துத் துடைத்துச் சாப்பிட்டார்.

இரண்டு கிழமையில் அங்கே பதிலுக்குச் சுட்டார்கள். செத்தவர் இடப்பக்கத்தாரின் மைத்துனர். வலப்பக்கத்தார் அதே சட்டியை நிரப்பித் தந்து, அதே பொய்யைச் சொல்லச் சொன்னார். இடப்பக்கத்தார் தன் சட்டியைக் கண்டும், ஒரு வாய் வைத்துப் பார்த்தே சொன்னார்.

“உப்புக் கூடிப்போச்சு. அவன்தான்.”

அவரும் சாப்பிட்டார். பிறகு அவர் மனைவி சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். இனி இது மற்ற வீட்டுச் சாவுக்கல்லவா காத்திருக்கும்? அவர்கள் பார்க்காத நேரம் சட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை சமையலறையில் என் தலைக்கு மேலால் சண்டை வெடித்தது.

“என்ரை சட்டி எங்கையடா? அக்கா திருப்பி உன்னட்டைத்தானே கொண்டந்திருப்பா?” என்றார் இடப்பக்கத்தார்.

“உனக்குத்தானே அனுப்பினனான்!”

ஏழு வருடத்தில் முதல் தடவை நேருக்கு நேர் கதைத்தார்கள். நல்லவேளை, என் கையில் வெங்காயம் இருந்தது. நான் அழுததை யாரும் ஏனென்று கேட்கவில்லை.

சட்டி இன்றும் என் கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கிறது.